டீசல் ஹீட்டர்: சின்னதாக வாங்குங்கள், நன்றாக எரிய விடுங்கள்

1960, 70களில் ஓடிய வோக்ஸ்வாகன் வேன்களின் எஞ்சினைக் குளிர்வித்தது காற்று. ரேடியேட்டரும் சுடுநீரும் கிடையாது. பின்னால் இருக்கும் எஞ்சினைத் தொட்டு வரும் சூடான காற்று, ஓட்டுநரின் காலடிக்கு வந்து சேர்வதற்குள் பாதி ஆறிவிடும். எஞ்சினை அணைத்துவிட்டால் அதுவும் இல்லை. அதனால் குளிர்நாடுகளில் பலர் ஜெர்மனியின் எபர்ஷ்பெஹர் நிறுவனம் செய்த பெட்ரோல் ஹீட்டரைத் தனியாக வாங்கிப் பொருத்திக்கொண்டார்கள். இன்று ஐரோப்பாவில் கேம்பர் வேன்களிலும் (உள்ளேயே தங்கித் தூங்கும்படி மாற்றிய வேன்கள்) படகுகளிலும் இரவெல்லாம் டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருக்கும் டீசல் ஹீட்டர் அந்த வழியில் வந்ததுதான்.

குளிருக்கு ஒரு கேஸ் அடுப்பைப் பற்றவைத்தால் போதாதா? போதாது. கேஸோ டீசலோ, எரியும்போது அதிலுள்ள ஹைட்ரஜன் தண்ணீராகிறது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிவரும். மூடிய வேனுக்குள் திறந்த தீ எரிந்தால் அந்த ஈரமெல்லாம் கண்ணாடியிலும் தகரத்திலும் மெத்தையிலும் போய்ப் படியும். கூடவே ஆக்சிஜன் குறையும், கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு சேரும். டீசல் ஹீட்டரில் தீ இருக்கும் அறையும் நாம் இருக்கும் அறையும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. எரியத் தேவையான காற்று வண்டிக்கு வெளியிலிருந்து ஒரு குழாயில் வருகிறது. புகை இன்னொரு குழாயில் வெளியே போகிறது. நடுவில் இருப்பது பல மடிப்புகள் கொண்ட ஓர் அலுமினிய வார்ப்பு. உள்பக்கம் தீ அதைச் சுடவைக்கிறது. வெளிப்பக்கம் மின்விசிறி அறைக் காற்றை அதன்மேல் ஓட்டிச் சூடாக்குகிறது. பல ஹீட்டர்களில் ஒரே மோட்டாரின் இரு முனைகளில் இரண்டு விசிறிகள் இருக்கும், ஒன்று தீக்கு, மற்றொன்று நமக்கு.

டீசல் லேசில் பற்றாது. முதலில் அதை ஆவியாக்க வேண்டும். எரியும் அறைக்குள் குளோ பிளக் என்ற சூடேறும் கம்பியும், அதைச் சுற்றி மெல்லிய உலோக வலையும் இருக்கின்றன. சொட்டுச் சொட்டாக வரும் டீசலை, மண்ணெண்ணெய் ஸ்டவ்வின் திரி போல, இந்த வலை உறிஞ்சிப் பரப்புகிறது. கம்பியின் சூட்டில் அது ஆவியாகிப் பற்றிக்கொள்கிறது. தொடங்கும்போது புகைக்குழாயில் கொஞ்சம் வெள்ளைப் புகை வந்தால் அது எரியாமல் தப்பிய டீசல் ஆவி. தீ நிலைபெற்றதும் கம்பிக்கு மின்சாரம் நின்றுவிடும். அதன்பிறகு தீ தன் சூட்டிலேயே அடுத்த சொட்டை ஆவியாக்கிக்கொள்ளும். எல்லாம் நடப்பது இந்தச் சூட்டை நம்பித்தான் என்பதை நினைவில் வையுங்கள். வாங்கும்போது செய்யும் பெரிய தவறு இங்கேதான் வந்து மாட்டும்.

அந்தத் தவறு, பெரிய ஹீட்டராகப் பார்த்து வாங்குவது. எவ்வளவு வெப்பம் வேண்டும் என்று ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நடுத்தர வேனில் நாம் வாழும் பகுதியின் சுவர், கூரை, தரை எல்லாம் சேர்ந்து 35 சதுர மீட்டர் என்று கொள்வோம். வெளியே 0 டிகிரி, உள்ளே 20. வெறும் தகரமாக இருந்தால் சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, சுமார் 5 வாட் வெப்பம் வெளியே ஓடும். மொத்தம் 3500 வாட். மூன்று சென்டிமீட்டர் நல்ல வெப்பக் காப்புப் பலகை ஒட்டினால் இது 800 வாட் அளவுக்கு இறங்கிவிடும். ஜன்னலுக்கும் காற்றோட்டத்துக்கும் சேர்த்து 1200 என்று வைத்துக்கொள்ளலாம். ஆக 2 கிலோவாட் ஹீட்டரே தாராளம். முதலில் காப்பு, அப்புறம்தான் ஹீட்டர்.

"5 கிலோவாட் வாங்கிக் குறைத்து வைத்து ஓட்டிக்கொள்கிறேனே" என்று தோன்றும். குறைந்த வேகத்தில் மணிக்கணக்காக ஓடும் பெரிய ஹீட்டரில் எரியும் அறை போதுமான அளவு சூடாகாது. டீசல் அரைகுறையாக எரியும், வலையிலும் அலுமினிய மடிப்பிலும் கரி படியும். ஒரு குளிர்காலம் முடிவதற்குள் பற்றவைக்கும்போதெல்லாம் புகைந்து அடம்பிடிக்கத் தொடங்கும். சின்ன ஹீட்டர் முக்கால்வாசி நேரம் மூச்சுமுட்ட ஓடுவதே அதற்கு ஆரோக்கியம். எதுவானாலும் அணைப்பதற்கு முன் கால் மணி நேரம் முழு வேகத்தில் ஓடவிட்டால் கரி பெருமளவு எரிந்துபோகும். வண்டியில் மலை ஏறுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாயில், 2757 மீட்டர் உயரத்தில், காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் முக்கால்தான். பம்ப் அதே அளவு டீசலை அனுப்பினால் கால்வாசிக்கு ஆக்சிஜன் போதாது. உயரத்துக்கு ஏற்ப டீசலைக் குறைக்கும் வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குவது நல்லது.

மலிவான சீன ஹீட்டர்களைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. பெட்டியில் 8 கிலோவாட் என்று ஒட்டியிருந்தால் கையேட்டில் டீசல் செலவைப் பாருங்கள். ஒரு லிட்டர் டீசலில் இருப்பது சுமார் 10 யூனிட் ஆற்றல். 8 கிலோவாட் தர வேண்டுமானால் மணிக்கு 0.8 லிட்டருக்கு மேல் குடித்தாக வேண்டும். அரை லிட்டர் என்று போட்டிருந்தால் ஒட்டிய எண் பொய். என் கணிப்பில் இவற்றின் உடம்பு பரவாயில்லை. கூடவே தரும் டீசல் குழாய், கிளிப், சைலன்சர் மூன்றையும்தான் நம்ப முடியாது. ஐரோப்பாவில் வண்டியில் பொருத்தும் ஹீட்டருக்கு ஐ.நா. ஒழுங்குமுறை 122-இன்படி சான்று வேண்டும் என்பதையும் வாங்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த டிக் டிக் சத்தம் பம்பிலிருந்து வருவது. ஒவ்வொரு தட்டுக்கும் அது தள்ளும் டீசல் சுமார் 0.02 மில்லிலிட்டர். முழு வேகத்தில் 2 கிலோவாட் ஹீட்டரில் விநாடிக்கு மூன்று தட்டு, மணிக்குக் கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவு. இவ்வளவு சின்ன அளவு என்பதால்தான் குழாயின் உள்விட்டம் பெரிய விஷயமாகிறது. 2 மில்லிமீட்டர் குழாயில் ஒவ்வொரு தட்டும் டீசலை 6 மில்லிமீட்டர் நகர்த்தும். 5 மில்லிமீட்டர் குழாயில் ஒரு மில்லிமீட்டர்தான். அவ்வளவு மெதுவாகப் போனால் காற்றுக் குமிழிகள் ஒட்டிக்கொண்டு ஒன்றாகச் சேரும்; பெரிய குமிழி ஹீட்டரை அடையும்போது தீ அணைந்துவிடும். கெட்டியான, குறுகிய நைலான் குழாய்தான் வேண்டும். பம்பை டேங்குக்கு அருகில், டீசல் வெளியேறும் முனை மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும்படி, ரப்பர் பிடிப்பில் மாட்டுங்கள். காற்று தானாக மேலேறிப் போய்விடும், தட்டும் சத்தம் தூக்கத்தையும் கெடுக்காது.

மின்சாரத்தில் பலரை ஏமாற்றுவது தொடக்கம். ஓடும்போது ஒன்றிரண்டு ஆம்பியர் போதும். பற்றவைக்கும் சில நிமிடங்களுக்கு மட்டும் குளோ பிளக் 10 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். பேட்டரியின் கொள்ளளவில் இது ஒன்றுமே இல்லை, ஆனால் வயருக்குப் பெரிய பாரம். பேட்டரி 5 மீட்டர் தள்ளி இருந்தால், போக வர 10 மீட்டர் வயர். 1.5 சதுர மில்லிமீட்டர் வயரில் ஒரு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே காணாமல் போகும். 4 சதுர மில்லிமீட்டரில் அரை வோல்ட்கூடப் போகாது. குளிரில் ஏற்கெனவே சோர்ந்திருக்கும் பேட்டரிக்கு அந்த ஒரு வோல்ட்தான் ஹீட்டர் பற்றுவதற்கும் பிழைக் குறி காட்டுவதற்கும் உள்ள வித்தியாசம். "ஹீட்டர் கெட்டுவிட்டது" என்று கழற்றுவதற்கு முன் வயரை அளந்து பாருங்கள். இன்னொன்று, அணைக்கும்போது பேட்டரி சுவிட்சை நேரடியாக நிறுத்தக் கூடாது. டீசல் நின்ற பிறகும் விசிறி சில நிமிடம் ஓடிச் சூட்டை இறக்க வேண்டும். இல்லையென்றால் அந்தச் சூடு உள்ளே இருக்கும் சென்சரையும் பிளாஸ்டிக்கையும் தின்றுவிடும்.

புகைக்குழாயில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். வேனில் அது தரை வழியாகக் கீழே இறங்கி, காற்று இழுக்கும் குழாயிலிருந்தும் ஜன்னல்களிலிருந்தும் தள்ளி முடிய வேண்டும். முனை வண்டி ஓடும் திசையைப் பார்க்கக் கூடாது. பனியில் நிறுத்தினால் முனை புதைந்திருக்கிறதா என்று குனிந்து பார்ப்பது வழக்கமாகட்டும். படகில் விஷயம் கடினம், ஏனெனில் குழாய் கொஞ்ச தூரம் படகுக்குள்ளேயே ஓடியாக வேண்டும். மலிவான சைலன்சரின் மடிப்புகளில் புகை கசியும். தண்ணீர் வடிய ஒரு துளையும் வேண்டுமென்றே விட்டிருப்பார்கள். வேனின் அடியில் அது பரவாயில்லை, படகின் உள்ளே ஆளைக் கொல்லும். புகை கசியாத, படகுக்கென்றே செய்த சைலன்சர்தான் வேண்டும். குழாயைச் சுற்றி வெப்பக் காப்புத் துணி வேண்டும். படகின் பக்கச்சுவரை எட்டுவதற்கு முன் குழாய் ஒருமுறை மேலெழும்பி வளைந்தால் அலை அடிக்கும்போது தண்ணீர் உள்ளே ஏறாது. பிரிட்டனின் கால்வாய்களில், தங்கும் அறை உள்ள படகுகளுக்கு 2019 ஏப்ரல் முதல் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம். வீட்டுக்கான அலாரம் வேண்டாம். ஈஎன் 50291 என்ற ஐரோப்பியத் தரத்தின் இரண்டாம் பகுதிதான் வண்டிக்கும் படகுக்கும் எழுதப்பட்டது.

கோடையில் தெற்கு ஸ்பெயினில் டேங்கை நிரப்பிவிட்டுக் குளிரில் நார்வே போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கோடை டீசலில் உள்ள மெழுகு கடுங்குளிரில் உறைந்து, ஹீட்டரின் சின்ன வடிகட்டியை எஞ்சினுக்கு முன்பே அடைத்துவிடும். வடக்கே போகப் போக அங்கங்கே விற்கும் குளிர்கால டீசலைக் கலந்துகொண்டே போக வேண்டும். கோடையிலும் ஹீட்டரை மறந்துவிடாமல் மாதம் ஒருமுறை இருபது நிமிடம் முழு வேகத்தில் ஓட்டுங்கள். வலையில் தங்கிய பழைய டீசல் காய்ந்து பிசினாகிவிட்டால், முதல் குளிர் இரவில் அது பற்றாது.