பாரிஸில் சொந்தக்காரர் வீட்டில் தங்கப் போகிறீர்களா? முதல் வேலை அவர்களுடையது

"ஹோட்டல் போடவில்லை, சித்தி வீட்டில்தான் தங்குகிறோம், அதனால் ஒரு பேப்பரும் வேண்டாம்தானே?" லண்டனில் பயண ஆலோசனை சொல்லும் என்னிடம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் கோடை விடுமுறைக்கு முன் அடிக்கடி கேட்பது இதுதான். விஷயம் நேர்மாறானது. ஹோட்டலில் தங்குபவர் புக்கிங்கைக் காட்டினால் போதும், வீட்டில் தங்குபவருக்குத்தான் வேலை கூடுதல்.

2021 ஜனவரி 1 முதல் பிரிட்டிஷ் குடிமக்கள் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளிநாட்டவர். பிரான்ஸில் தெரிந்தவர் வீட்டில் தங்குவதாகச் சொன்னால் எல்லை அதிகாரி 'அத்தெஸ்தாசியோன் தக்கேய்' என்ற சான்றைக் கேட்கலாம். இதை நீங்கள் இங்கிருந்து வாங்க முடியாது. உங்களைத் தங்கவைப்பவர்தான் தன் ஊர் மேரிக்கு, அதாவது நகரசபைக்கு, அடையாள அட்டை, வீட்டுப் பத்திரம் அல்லது வாடகை ஒப்பந்தம், கரண்ட் பில், வருமானச் சான்று எல்லாம் எடுத்துக்கொண்டு போய், 30 யூரோ முத்திரைக் கட்டணம் கட்டி விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பத்தை மறுத்தாலும் அந்தப் பணம் திரும்ப வராது. அப்புறம் அதன் அசல் நீங்கள் கிளம்பும் முன் உங்கள் கைக்கு வந்து சேர வேண்டும், வாட்ஸ்அப்பில் வந்த படத்தை நம்பிப் போகாதீர்கள்.

கையில் காட்ட வேண்டிய பணமும் இதைப் பொறுத்தே மாறுகிறது. சான்று இருந்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 32.50 யூரோ, ஹோட்டல் புக்கிங் இருந்தால் 65, இரண்டும் இல்லையென்றால் 120. பத்து நாள் தங்கும் நான்கு பேர் குடும்பத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 30,000 யூரோ வரை மருத்துவச் செலவை ஏற்கும் காப்பீடும் கேட்கலாம்.

"போன தடவை யாருமே கேட்கவில்லையே" என்பார்கள். சரி, எல்லோரிடமும் கேட்பதில்லைதான். ஆனால் டோவர் துறைமுகத்திலும் லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் ரயில் நிலையத்திலும் பிரெஞ்சு போலீஸ் இங்கிலாந்து மண்ணிலேயே நின்று சோதிக்கிறது, மறுத்தால் பிள்ளைகளோடு அங்கிருந்தே வீடு திரும்ப வேண்டியதுதான்.

ஸ்பெயினில் இவ்வளவு கெடுபிடி இல்லை. அங்கே போலீஸ் தரும் அழைப்புக் கடிதம் பல வழிகளில் ஒன்று மட்டுமே, தங்கவைப்பவரின் அழைப்பும் முகவரிச் சான்றும்கூட ஏற்கப்படும்.

பாஸ்போர்ட்டையும் இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். உள்ளே நுழையும் நாளில் அது வழங்கப்பட்டு 10 ஆண்டு ஆகியிருக்கக் கூடாது, திரும்பும் நாளுக்குப் பிறகு 3 மாதமாவது செல்ல வேண்டும். 2018 செப்டம்பருக்கு முன் எடுத்த சில பாஸ்போர்ட்டுகளில் பழையதன் மிச்ச மாதங்களும் சேர்ந்திருக்கும், நுழையும் நாளுக்கான 10 ஆண்டுக் கணக்கில் அந்தக் கூடுதல் மாதங்கள் உதவாது, வழங்கிய தேதியிலிருந்துதான் எண்ணுவார்கள்.

எந்த 180 நாளிலும் 90 நாள்தான் தங்கலாம் என்ற வரம்பு, பிரான்ஸ், ஸ்பெயின் உட்பட பொதுவான எல்லை விதிகள் கொண்ட ஷெங்கன் நாடுகள் அனைத்துக்கும் சேர்த்து. வந்த நாளும் போன நாளும் அதில் அடக்கம். முன்பு முத்திரையைப் பார்த்து எண்ணினார்கள், 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக வந்த புதிய முறையில் கைரேகை, முகப்படத்தோடு கணினியே எண்ணுகிறது.

அயர்லாந்து பாஸ்போர்ட்டும் வைத்திருப்பவர்கள் போகும்போதும் வரும்போதும் அதையே காட்டுங்கள், அவர்களுக்கு மேலே சொன்ன மேரிச் சான்றும் 90 நாள் கணக்கும் கிடையாது. மற்றவர்கள் டிக்கெட் போடும் முன் பாரிஸுக்குப் போன் செய்து, மேரியில் எப்போது நேரம் கிடைக்கும் என்று கேட்டுவிட்டுத் தேதியை முடிவு செய்யுங்கள்.