திரை நிறைய இரண்டு கண்கள்

வெஸ்டர்ன் பட ரசிகர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் போதும், பேச்சு சீக்கிரமே அந்தக் கல்லறைக் காட்சிக்கு வந்துவிடும். 1966-இல் வந்த ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்லி’யின் கடைசி மோதல். வட்டமான திடலில் கிளின்ட் ஈஸ்ட்வுட், லீ வான் கிளீஃப், ஈலை வாலாக் மூவரும் ஆளுக்கொரு பக்கம் நிற்கிறார்கள். யாரும் வாய் திறப்பதில்லை. கை, துப்பாக்கி உறை, முகம் என்று மாறி மாறி வந்து, கடைசியில் திரையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை வெறும் கண்கள். மூவரில் யார் நடிப்பு பெரிது என்று கேட்டால் நான் வான் கிளீஃப் கட்சி. இரண்டு பேரையும் மாறி மாறி அளக்கும் அந்தக் கண்களே போதும். ஆனால் அவை அவ்வளவு பெரிதாகத் திரைக்கு வந்ததற்குப் பின்னால் ஒரு சிக்கனக் கணக்கும் இருக்கிறது.

1953-இல் சினிமாஸ்கோப் என்ற அகலத்திரை முறை வந்தது. 35 மி.மீ. ஃபிலிமில் ஒரு ஃப்ரேமின் உயரம் ஓரத்துத் துளைகளில் நான்கு. அகலமான காட்சியை அதற்குள் அடக்க, அனமார்ஃபிக் லென்ஸ் பிம்பத்தைப் பக்கவாட்டில் பாதியாக நெருக்கும். தியேட்டர் புரொஜக்டரின் லென்ஸ் அதை மறுபடி இரண்டு மடங்கு விரிக்கும். தூரத்து மலைக்கும் குதிரைக் கூட்டத்துக்கும் இது சரி. முகத்தை நெருங்கினால்தான் சிக்கல். ஆரம்பகால லென்ஸ்கள் கிட்டத்தில் இருப்பதை முழு இரண்டு மடங்கு நெருக்காது. 1.8 மடங்குதான் நெருக்கியது என்று வையுங்கள். புரொஜக்டர் வழக்கம்போல இரண்டு மடங்கு விரித்துவிடும். முகம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அகலமாகிவிடும். ஹாலிவுட்டில் இதற்குப் ‘பொன்னுக்கு வீங்கி’ என்றே பெயர் வைத்தார்கள். எந்த நட்சத்திரம் அதைப் பொறுத்துக்கொள்வார்? குளோசப்பைத் தவிர்த்தார்கள்.

1960-களின் தொடக்கத்தில் வண்ணப்பட நிறுவனமான டெக்னிகலரின் இத்தாலியக் கிளை ‘டெக்னிஸ்கோப்’ என்ற முறையைக் கொண்டுவந்தது. நான்கு துளைக்குப் பதில் இரண்டே துளை. ஃப்ரேமின் அகலம் சுமார் 22 மி.மீ., உயரம் ஏறக்குறைய 9.5. எதையும் நெருக்காமலேயே அகலத்திரை வடிவம் கிடைத்துவிட்டது. பதினொரு நிமிடம் ஓடும் ஆயிரம் அடிச் சுருள் இருபத்திரண்டு நிமிடம் ஓடியது. கையில் காசு குறைவாக இருந்த இத்தாலியப் படங்களுக்கு வேறென்ன வேண்டும்? அந்தக் கல்லறைக் காட்சியின் இயக்குநர் செர்ஜியோ லியோனே 1964-இல் ‘எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்’ எடுத்தபோதே இதைத்தான் பயன்படுத்தினார்.

காசு மிச்சமானதோடு நிற்கவில்லை. சாதாரண லென்ஸ் என்பதால் எவ்வளவு கிட்டப் போனாலும் முகம் வீங்காது. அனமார்ஃபிக்கில் 50 மி.மீ. லென்ஸ் பிடிக்கும் அகலத்தை இங்கே 25 மி.மீ. லென்ஸே பிடித்துவிடும். லென்ஸின் குவியத்தூரம் குறைந்தால் கூர்மையாகத் தெரியும் ஆழம் கூடும். முன்னால் ஒருவனின் தொப்பி விளிம்பும், வெகு தூரத்தில் வரும் குதிரைக்காரனும் ஒரே ஃப்ரேமில் தெளிவாக நிற்க முடிவது இதனால்தான். படப்பிடிப்பு நடந்த ஸ்பெயினின் அல்மெரியா வெயிலும் கைகொடுத்தது. வெளிச்சம் கொட்டிக் கிடந்தால் லென்ஸில் ஒளி புகும் துளையைச் சுருக்கலாம். ஆழம் இன்னும் கூடும்.

இழப்பும் உண்டு. ஃப்ரேம் பாதியானதால் திரையில் அதிகம் பெரிதாக்க வேண்டும், கிரெய்ன், அதாவது படத்தில் தெரியும் பொடிப் புள்ளிகள், கூடும். இங்கேதான் லேபின் திறமை. டெக்னிகலர் பிரிண்ட் என்பது மஞ்சள், மெஜந்தா, சியான் என்ற மூன்று சாயங்களை மூன்று ஜெலட்டின் அச்சுகளிலிருந்து ஒன்றன்மேல் ஒன்றாக ஒற்றி எடுப்பது. துணியில் அச்சுக்கட்டை ஒற்றுவது மாதிரிதான். அந்த அச்சுகளை நெகட்டிவிலிருந்து எடுக்கும்போதே உயரத்தை மட்டும் இரண்டு மடங்கு இழுத்துவிடுவார்கள். அதனால் இடையில் இன்னொரு நகல் தேவைப்படவில்லை. ஒவ்வொரு நகலும் கிரெய்னைக் கூட்டும் என்பதால் இது பெரிய லாபம். தியேட்டரில் இருந்த சினிமாஸ்கோப் புரொஜக்டரிலேயே அந்தப் பிரிண்ட் ஓடியது. 1970-களில் டெக்னிகலர் அமெரிக்காவில் இந்த முறையை நிறுத்தியதும் டெக்னிஸ்கோப்பும் மங்கத் தொடங்கியது.

அப்புறம் அமெரிக்க நடிகர் ஹென்றி ஃபோண்டா. 1968-இல் வந்த லியோனேயின் ‘ஒன்ஸ் அபான் எ டைம் இன் தி வெஸ்ட்’ படத்துக்கு வில்லனாக நடிக்க வந்தவர், மீசை வைத்து, கண்ணில் பழுப்பு நிற கான்டாக்ட் லென்ஸும் போட்டு வந்தாராம். லியோனே இரண்டையும் எடுக்கச் சொல்லிவிட்டார். ஒரு குடும்பத்தையே சுட்டுத் தள்ளிய கும்பலின் தலைவன் முதுகைக் காட்டி நிற்கிறான். கேமரா மெல்லச் சுற்றி முன்னால் வருகிறது. அமெரிக்கா அதுவரை நல்லவராகவே பார்த்துப் பழகிய முகம், அதே நீலக் கண்கள்.