‘முகய்யம்’ என்பது முகாம், குடியிருப்பு அன்று

பாலஸ்தீனம் பற்றிய தமிழ்ச் செய்திகளில் ‘அகதிகள் குடியிருப்பு’ என்ற தொடர் அடிக்கடி தலைகாட்டுகிறது. இதை நிறுத்த வேண்டும்.

மூலச் சொல் அரபியின் ‘முகய்யம்’. ‘கைமா’ என்றால் கூடாரம். கூடாரமடித்துத் தங்கும் இடம் முகய்யம். நம் ‘முகாம்’ வேறொரு அரபிச் சொல்லான ‘மகாம்’ (தங்குமிடம்) வழி வந்தது.

‘குடியிருப்பு’ ஏன் ஆகாது? அதே செய்தியின் அடுத்த பத்தியிலேயே மேற்குக் கரையில் இஸ்ரேல் எழுப்பும் ‘யூதக் குடியிருப்புகள்’ வந்துவிடுகின்றன. நிலத்தை இழந்தவர் ஒதுங்கிய இடத்துக்கும், பிறர் நிலத்தில் கட்டிக்கொண்ட ஊருக்கும் ஒரே பெயரா? பின்னதற்குக் ‘குடியேற்றம்’ என்ற தெளிவான சொல் இருக்கிறது. இன்னொன்று: முகாமில் வீடு கட்டியவருக்கு அதைப் பயன்படுத்தும் உரிமை உண்டு, மனைக்குப் பட்டா கிடையாது. மனை அரசுடையதாகவோ உள்ளூர்க்காரரிடம் குத்தகைக்கு எடுத்ததாகவோ இருக்கும். நிலையான குடியிருப்பு என்று ஒப்புக்கொண்டால் ஊர் திரும்பும் உரிமை போய்விடும் என்ற அச்சமும் அங்கே பழையது.

‘பார்த்தால் நகரம்போலத்தானே இருக்கிறது’ என்பார்கள். 1949இல் பெத்லகேம் அருகே அமைந்த தெஹய்ஷா முகாமில் இன்று கூடாரமே இல்லை. கூடாரம் ஓரறை வீடாகி, மகனுக்குக் கல்யாணமானால் மேலே ஒரு தளம் ஏறியது. அடுத்த தளத்துக்காகத் தூண் கம்பிகளை மொட்டைமாடியில் நீட்டியே விட்டுவைக்கிறார்கள். ஒரு தளத்துக்குப் போட்ட கடைக்கால்மேல் மூன்று நான்கு தளம் ஏறினால் சுவர் வெடிக்கிறது. சந்து குறுகி, கீழ்வீட்டுக்கு வெளிச்சமும் காற்றும் போவதில்லை. லெபனானின் அய்ன் அல்-ஹில்வே முகாமில் சஃபூரியா, சஃப்சாஃப் என்று இழந்த ஊர்களின் பெயரிலேயே பகுதிகள் இருக்கின்றன. இத்தனையும் ‘முகாம்’ என்ற சொல்லுக்குள் அடங்கும்.

முகாம் தமிழன்று என்று ‘பாசறை’யைக் கொண்டுவருவோர் உண்டு. நெடுநல்வாடையில் அரசன் தங்கியிருப்பது பாசறை, போர்க்களத்துத் தங்கல். குழந்தைகளும் கிழவிகளும் வாழும் இடத்தைப் படைவீடாக்கும் மொழிபெயர்ப்பு, அங்கே குண்டு விழும் நாளில் யாருக்கு உதவும்? தனித்தமிழ்ப் பற்று அந்தக் கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும்.

‘கூடாரம்’ என்று எழுதுவோர் வேறொன்றைக் கெடுக்கிறார்கள். 2015இல் கட்டடக் கலைஞர்களான சாண்டி ஹிலாலும் அலெஸாந்த்ரோ பெத்தியும் தெஹய்ஷாவில் கூடார வடிவிலேயே ஒரு கான்கிரீட் கூடத்தை எழுப்பினார்கள். தற்காலிகமானது நிரந்தரமாகிப்போன முரணைக் காட்டும் படைப்பு அது. பெயர் ‘கான்கிரீட் கூடாரம்’. முகாமையே கூடாரம் என்று எழுதிவிட்டால் அந்தப் பெயர் தமிழில் செத்துப்போகும்.

‘அவ்லாத் அல்-முகய்யம்’ என்று அங்கே பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். அதை ‘முகாம்வாசிகள்’ என்றால் அரசுக் கோப்புபோல இருக்கிறது. ‘முகாம் பிள்ளைகள்’ என்றே எழுதலாம்.