டாக்டர் கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு, பஞ்சுக்கும் ஊசிக்கும்?

தனியார் மருத்துவமனையில் காலை ஒன்பது மணிக்கே டாக்டர் வந்து "வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லிவிடுவார். ஆள் வார்டை விட்டு இறங்கும்போது மாலை ஆகிவிடும். பில் தயாராகி, காப்புறுதி நிறுவனத்துக்குப் போய், அவர்கள் ஏதாவது கேட்டு, மருத்துவமனை பதில் சொல்லி, கட்டணத்தை ஏற்பதாக அவர்கள் தரும் கடைசி உறுதிக் கடிதம் (ஜி.எல்.) வந்து சேர வேண்டும். அதுவரை மகன் அறைக்கும் கவுண்டருக்கும் நடந்துகொண்டிருப்பார், "ஜி.எல். வந்துடுச்சா?" என்று கேட்டபடி. வந்ததும் கையெழுத்துப் போட்டுவிட்டு கார் எடுக்க ஓடுவார். பல பக்கம் நீளும் பில்லை யாரும் புரட்டுவதில்லை. காப்புறுதி மெடிக்கல் கார்டு கட்டுகிறது, நமக்கென்ன.

நான் மருந்தாளர். முன்பு மலேசியாவின் பினாங்குத் தீவில் ஒரு தனியார் மருத்துவமனை மருந்தகத்தில் வேலை. இப்போது ஜார்ஜ்டவுனில் சின்னதாக ஒரு ஃபார்மசி. மருந்து வாங்க வருகிற ஆன்ட்டிகளும் அங்கிள்களும் கையோடு பில்லையும் கொண்டுவந்து கவுண்டரில் விரிப்பார்கள். "இது சரியா பாருங்க" என்பார்கள். சரியா தவறா என்று சொல்வது என் வேலை இல்லை. ஆனால் அதில் எந்த வரியைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது, எந்த வரியை யாருமே கட்டுப்படுத்தவில்லை என்று காட்ட முடியும். கார்டு கட்டுகிற பணம் அடுத்த ஆண்டு பிரிமியமாக நம்மிடமே திரும்பி வருவதால், அதைத் தெரிந்துகொள்வது நல்லது.

தனியார் மருத்துவமனைகளுக்கான சட்டம் 1998-ல் நிறைவேறி, 2006-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அதன் விதிமுறைகளில் 13-வது அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. எந்த அறுவைக்கு டாக்டர் அதிகபட்சம் எவ்வளவு வாங்கலாம், மயக்க மருந்து நிபுணருக்கு எவ்வளவு, வார்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனால் எவ்வளவு என்று வரிசையாகப் போட்டிருக்கும். 2013-ல் ஒரு முறை உயர்த்தினார்கள். ஆக, டாக்டர் கட்டணத்துக்கு உச்சவரம்பு இருக்கிறது.

மற்ற வரிகளுக்கு? அறை வாடகை, அறுவைக் கூடத்துக்கான கட்டணம், நர்சிங், இரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, கையுறை, பஞ்சு, ஊசி, டிரிப் குழாய், மருந்து எதற்கும் சட்டத்தில் உச்சவரம்பு கிடையாது. பெரிய பில்களில் பாதிக்கு மேல் இந்தப் பகுதிதான். மத்திய வங்கியான பேங்க் நெகாரா சில ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டுவதும் இதைத்தான். ஆனால் நம் ஆட்கள் திட்டுவது என்னவோ டாக்டரைத்தான். தனியார் மருத்துவமனையில் பெரும்பாலான நிபுணர்கள் சம்பளத்துக்கு இருப்பவர்கள் இல்லை. அங்கே கிளினிக் வைத்துத் தனியாகத் தொழில் நடத்துபவர்கள். ஒரு சோடி கையுறைக்கு என்ன போட்டிருக்கிறார்கள் என்பது அவர்களில் பலருக்கே தெரியாது.

மருந்துக்கு வருவோம். எனக்குத் தெரிந்த இடம் அதுதான், கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

மலேசியாவில் மருந்தின் தரத்துக்குக் காவல் பலமாக இருக்கிறது. பதிவு செய்யாத மருந்தை விற்க முடியாது. பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் பதிவு எண்ணும், அதன் முடிவில் ஓர் எழுத்தும் இருக்கும். பக்கத்தில் ஃபார்மாடேக் என்ற ஹோலோகிராம் ஒட்டு. ஒரே மூலப்பொருளை வேறு நிறுவனம் மாத்திரையாகத் தயாரித்தால், உடலுக்குள் அதுவும் அசல் போலவே வேலை செய்கிறது என்று ஆய்வில் காட்ட வேண்டும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின், கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டின் எல்லாம் காப்புரிமை முடிந்து பல ஆண்டுகள் ஆன மருந்துகள். பெயர் பெற்ற பிராண்டுக்கும் சாதாரண வகைக்கும் விலையில் பல மடங்கு வித்தியாசம் இருக்கும். வேலையில் வித்தியாசம் இருக்காது.

விலைக்குக் காவல் இல்லை. உச்சவரம்பு வைக்க 2019-ல் அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது, அது நடைமுறைக்கு வரவில்லை. அதன் பிறகு 2025 மே 1 முதல் கிளினிக், மருத்துவமனை, ஃபார்மசி எல்லாரும் மருந்து விலையைக் காட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது. விலையைக் காட்டினால் போதும், குறைக்க வேண்டியதில்லை. அதற்கே டாக்டர்கள் மே 6-ல் நிர்வாகத் தலைநகர் புத்ராஜெயாவுக்கு ஊர்வலமாகப் போனார்கள். அவர்கள் கோபத்தை நான் முழுசாகத் தள்ளிவிட மாட்டேன். சாதாரண கிளினிக்கில் டாக்டர் பார்க்கும் கட்டணம் பல ஆண்டுகளாக 10 முதல் 35 வெள்ளிக்குள்ளேயே (ரிங்கிட்) கட்டிப் போடப்பட்டிருந்தது. வாடகை ஏறியது, நர்ஸ் சம்பளம் ஏறியது, கட்டணம் ஏறவில்லை. அதை மருந்து விலையில் எடுத்துக்கொண்டார்கள். ஒரு பக்கம் இறுக்கிப் பிடித்தால் பணம் இன்னொரு பக்கம் வழிகிறது. மருத்துவக் கட்டணத்தில் எந்த விதி வந்தாலும் முதலில் நடப்பது இதுதான்.

விலை ஒட்டுவதால் பயன் உண்டா? நெஞ்சு வலியோடு அவசரப் பிரிவுக்குப் போனவர் விலைப்பட்டியல் பார்க்கப் போவதில்லை. ஆனால் ஆண்டுக்கணக்கில் சாப்பிடும் மருந்துக்கு நிச்சயம் பயன் உண்டு. டாக்டரிடம் "மருந்துச் சீட்டு எழுதிக் கொடுங்கள், வெளியே வாங்கிக்கொள்கிறேன்" என்று கேட்கலாம். அது மரியாதைக் குறைவு இல்லை. கேட்க நம் ஆட்கள் கூச்சப்படுகிறார்கள், முக்கியமாக டாக்டர் தமிழராக இருந்துவிட்டால். ஃபார்மசிக்காரர் வேறென்ன சொல்வார் என்று நினைக்கிறீர்களா? சரி, நினைத்துக்கொள்ளுங்கள். அரசாங்க கிளினிக்கில் மருந்து வாங்கினால் எனக்கு ஒரு காசும் கிடைக்காது, அதையும் கீழே சொல்லத்தான் போகிறேன்.

அரசாங்கம் நினைத்தால் விலை எவ்வளவு இறங்கும் என்பதற்குக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி நல்ல உதாரணம். அந்த நோயைக் குணப்படுத்தும் சோஃபோஸ்புவிர் 2013-ல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தபோது 12 வாரத்துக்கு 84,000 டாலர். இங்கே அந்த விலையில் யார் வாங்குவது? 2017 செப்டம்பரில் நம் அரசாங்கம் காப்புரிமைச் சட்டத்தில் உள்ள ஒரு பிரிவைப் பயன்படுத்தி, காப்புரிமைக்காரரின் அனுமதிக்குக் காத்திருக்காமல் அதே மருந்தின் மலிவு வகையை அரசாங்க மருத்துவமனைகளுக்கு வாங்க உத்தரவிட்டது. இப்போது அங்கே அந்தச் சிகிச்சை நோயாளிக்கு இலவசம்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் கைப்பேசியில் நடக்கும் வியாபாரம். உடல் மெலிய ஊசிப் பேனா என்று வாட்ஸ்அப் குழுவில் விற்கிறார்கள். செமாகுளுடைட் சர்க்கரை நோய்க்காக வந்த மருந்து, எடையும் குறைவதால் உலகம் முழுக்கப் பற்றாக்குறை வந்தது. பற்றாக்குறை வந்த இடத்தில் போலியும் வந்தது. 2024 ஜூனில் உலகச் சுகாதார நிறுவனமே போலிப் பேனாக்கள் பற்றி எச்சரிக்கை விட்டது. திறக்காத அசல் பேனாவை 2 முதல் 8 டிகிரிக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். வெயிலில் மோட்டார் சைக்கிள் பெட்டியில் வருகிற பார்சலில் அந்தக் குளிர் எங்கே இருக்கும்? டாக்டர் சீட்டும் எம்.ஏ.எல். எண்ணும் இல்லாமல் யார் கொடுத்தாலும், சொந்தக்காரராக இருந்தாலும், வாங்காதீர்கள்.

இணையத்தை விடுங்கள், மருத்துவமனைக்குள் இருக்கும் கணினிகளே ஒன்றோடொன்று பேசுவதில்லை. தனியாரில் எடுத்த எம்.ஆர்.ஐ. படம் பினாங்கு பொது மருத்துவமனை டாக்டரின் திரையில் தானாக வராது. நோயாளி கையில் எதுவும் இல்லை என்றால் மறுபடி எடுப்பார்கள், மறுபடி காத்திருக்க வேண்டும். தனியாருக்கே திரும்பிப் போனால் மறுபடி கட்ட வேண்டும். இந்த நாடு தொலைமருத்துவச் சட்டத்தை 1997-லேயே நிறைவேற்றிவிட்டு நடைமுறைப்படுத்தாமல் கிடப்பில் போட்டது. கொரோனா காலத்தில் எல்லாரும் வீடியோவில் டாக்டரைப் பார்த்தபோது அந்தச் சட்டம் அலமாரியில்தான் இருந்தது. ஆகவே டிஸ்சார்ஜ் ஆகும்போது ஸ்கேன் படத்தின் சிடி, ரிப்போர்ட், இரத்தப் பரிசோதனை முடிவு, மருந்துப் பட்டியல் எல்லாவற்றையும் கேட்டு வாங்கி வீட்டில் ஒரு ஃபைலில் வையுங்கள்.

மருத்துவமனைகள் யாருடையவை என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். பினாங்கில் இந்தோனேசியாவின் மேடான் நகரிலிருந்து வரும் நோயாளிகளை நம்பியே பெரிய மருத்துவமனைகள் வளர்ந்தன. 2024-ல் ஐ.எச்.எச். மருத்துவமனைக் குழுமம் இங்குள்ள ஐலண்ட் மருத்துவமனையை ஏறக்குறைய 4 பில்லியன் வெள்ளிக்கு வாங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு ராம்சே சைம் டார்பி மருத்துவமனைகள் 5.7 பில்லியன் வெள்ளிக்கு கைமாறின. இவ்வளவு பணம் போட்டவர்கள் தர்மத்துக்குப் போட மாட்டார்கள். அது குற்றமும் இல்லை. வேடிக்கை என்னவென்றால் ஐ.எச்.எச்.-ன் பெரிய பங்குதாரர்களில் நம் ஊழியர் சேமநிதியான இ.பி.எஃப்.-ம் ஒன்று. மருத்துவமனை லாபம் நம் டிவிடெண்டில் கொஞ்சம் சேர்கிறது, மருத்துவமனை பில் நம் பிரிமியத்தில் நிறையச் சேர்கிறது.

அந்தப் பிரிமியம்தான் இப்போது எல்லார் வீட்டிலும் பேச்சு. 2024-ல் இந்நாட்டு மருத்துவச் செலவு 15 விழுக்காடு ஏறியதாக பேங்க் நெகாரா சொன்னது. காப்புறுதி நிறுவனங்கள் அனுப்பிய சில கடிதங்களில் பிரிமியம் ஒரேயடியாகத் துள்ளியது. சத்தம் கிளம்பியதும், 2024 டிசம்பரில், 2026 இறுதி வரை வரும் உயர்வுகளைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பரப்பி வாங்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். கவனியுங்கள், பரப்பத்தான் சொன்னார்கள், ரத்து செய்யச் சொல்லவில்லை.

கடிதம் வந்ததும் சிலர் கோபத்தில் கார்டையே நிறுத்திவிடுகிறார்கள். ஐம்பது வயதுக்கு மேல், சர்க்கரையும் பிரஷரும் வந்த பிறகு இதைச் செய்யாதீர்கள். புதிதாக எடுக்கப் போனால் பழைய நோய்களை ஒதுக்கிவிடுவார்கள், சில நோய்களுக்கு 120 நாள் காத்திருக்கச் சொல்வார்கள், சில நேரம் விண்ணப்பத்தையே நிராகரிப்பார்கள். நிறுத்துவதற்கு முன் ஏஜெண்டிடம் வேறொன்று கேளுங்கள். 2024 செப்டம்பர் முதல், பில்லில் ஒரு பங்கை நாமே கட்டும் வகைத் திட்டத்தையும் நிறுவனங்கள் கட்டாயம் வைத்திருக்க வேண்டும். குறைந்தது 5 விழுக்காடு, அல்லது முதல் 500 வெள்ளி நம்முடையது. பிரிமியம் அதற்கேற்பக் குறையும். ஏஜெண்டுகள் இதைத் தாங்களாகச் சொல்வது அபூர்வம். கைப்பணம் கொஞ்சம் இருக்கும் குடும்பத்துக்கு இது நல்ல வழி என்பது என் கருத்து. கைப்பணம் போகிறது என்றால் பில்லையும் கட்டாயம் படிப்போம்.

நாள்பட்ட நோய்க்கு அரசாங்கப் பக்கம் போக வெட்கப்பட வேண்டியதில்லை. வெளிநோயாளிக் கட்டணம் 1 வெள்ளி, நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி, மூன்றாம் வகுப்பு வார்டு நாளுக்கு 3 வெள்ளி. கூட்டம் உண்டு, காத்திருப்பு உண்டு, மறுக்கவில்லை. மருந்தைத் தபாலில் அனுப்பச் சொல்லலாம், சில இடங்களில் காரில் இருந்தபடியே வாங்கலாம். நம் இந்தியர்களிடம் சர்க்கரை நோய் மற்ற இனங்களைவிட அதிகம் என்று தேசிய ஆய்வுகள் தொடர்ந்து காட்டுகின்றன. உதவித்தொகை பெறும் குடும்பத்தில் 40 வயதைத் தாண்டியவர்களுக்கு, குறைந்த வருமானத்தாருக்கான பெக்கா பி40 அரசாங்கத் திட்டத்தில் இலவசப் பரிசோதனை இருக்கிறது. பக்கத்துக் கிளினிக்கிலேயே செய்துகொள்ளலாம். அதே திட்டத்தில் ஸ்டெண்ட், மூட்டு போன்ற சாதனங்களுக்கு 20,000 வெள்ளி வரை உதவியும் உண்டு. அரசாங்க மருத்துவமனையில் சிகிச்சை இலவசம்போல் இருந்தாலும் இந்தச் சாதனங்களுக்குப் பணம் கேட்பார்கள் என்பது பலருக்கு அங்கே போன பிறகுதான் தெரியவருகிறது.

கடைசியாக, அவசரமாகத் தனியாரில் சேர்க்க நேர்ந்தால் செய்ய வேண்டியது. முதல் நாளே செலவு மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள். கார்டின் ஆண்டு வரம்பு எவ்வளவு, இந்த ஆண்டு ஏற்கெனவே எவ்வளவு போயிருக்கிறது என்று ஏஜெண்டிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஐ.சி.யு.வில் இருந்தால் இரண்டு நாளுக்கு ஒரு முறை நடப்புப் பில்லைக் கேளுங்கள், விவரப் பட்டியலோடு. வரம்பு தீர்ந்த பிறகு "அரசாங்கத்துக்கு மாற்றிவிடுங்கள்" என்றால் உடனே நடக்காது. அங்கே ஐ.சி.யு. படுக்கை காலியாக இருக்க வேண்டும், அந்த மருத்துவமனை டாக்டர் ஏற்றுக்கொள்ள வேண்டும், நோயாளி ஆம்புலன்ஸில் போகும் நிலையில் இருக்க வேண்டும். இந்த மூன்றும் கூடிவர நாள் பிடிக்கும், ஒவ்வொரு நாளுக்கும் பில் ஓடும். மாற்றம் பற்றிய பேச்சை வரம்பில் பாதி தாண்டும்போதே டாக்டரிடம் தொடங்கிவிடுங்கள்.