ரெக்கார்டர் என்ற குழல்

டேவிட் மன்ரோ என்ற ஆங்கிலேயரை ‘இசையியலாளர், ரெக்கார்டர் கலைஞர்’ என்று அறிமுகப்படுத்துவார்கள். பின்பாதியை அகராதி பார்த்துத் தமிழாக்கினால் ‘ஒலிப்பதிவுக் கருவிக் கலைஞர்’ என்று வந்து நிற்கும். டேப் ரெக்கார்டரை வாசித்தா ஒருவர் பேர் வாங்குவார்?

இந்த ரெக்கார்டர் ஒரு குழல். எடிசன் 1877இல் போனோகிராப் என்ற ஒலிப்பதிவுக் கருவியைச் செய்வதற்குச் சில நூற்றாண்டுகள் முன்பே அதற்கு இந்தப் பெயர் இருந்தது. லத்தீனில் ‘கோர்’ என்றால் நெஞ்சு. அதிலிருந்து வந்த வினைக்குப் பொருள், மறுபடி நெஞ்சுக்குக் கொண்டுவருதல், அதாவது நினைவுகூர்தல். பழைய பிரெஞ்சு வழியாக அது ஆங்கிலத்துக்கு வந்தபோது மனப்பாடம் செய்தல், ஒப்பித்தல், ஒரு மெட்டைத் திரும்பத் திரும்பப் பாடிப் பழகுதல் என்று பொருள் விரிந்தது. பறவைகள் மெல்லிய குரலில் பாடிப் பழகுவதையும் ‘ரெக்கார்ட்’ என்றே சொன்னார்கள். நம் பாட்டு வாத்தியார்கள் ‘சாதகம்’ என்பார்களே, கிட்டத்தட்ட அதுதான். அப்படிப் பார்த்தால் ரெக்கார்டர் என்பது சாதகக் குழல்!

மற்ற மொழிக்காரர்கள் நெஞ்சுப் பக்கம் போகாமல் கருவியைப் பார்த்தே பெயர் வைத்தார்கள். ஜெர்மானியருக்கு அது கட்டைக் குழல், பிரெஞ்சுக்காரருக்கு அலகுக் குழல், இத்தாலியருக்கு இனிய குழல். கட்டை எங்கே வந்தது? திருவிழாக் கடைகளில் நேராக வாயில் வைத்து ஊதும் மூங்கில் குழல் விற்பார்கள். அதன் முனையை ஒரு மரக்கட்டை அடைத்திருக்கும், ஒரு சிறு இடுக்கில்தான் காற்று போகும். ரெக்கார்டரும் அதே வேலைப்பாடுதான். முன்னால் ஏழு துளை, பின்னால் கட்டைவிரலுக்கு ஒன்று. அதனால் இதைப் ‘புல்லாங்குழல்’ என்று எழுதுவது தவறு. புல்லாங்குழலைக் குறுக்கே பிடிக்க வேண்டும், உதட்டைக் கொண்டுதான் ஒலியைப் பிறப்பிக்க வேண்டும்.

இந்தக் குழல்கள் சேரும் குடும்பத்துக்கு ஆங்கிலத்தில் ‘வுட்விண்ட்’ என்று பெயர். அதை ‘மரக்காற்றுக் கருவி’ என்று எழுதியவரைக் குறை சொல்ல மனமில்லை, ஆனால் பித்தளையில் செய்யும் சாக்ஸபோனும் அந்தக் குடும்பம்தான். சிலப்பதிகார உரையில் அடியார்க்கு நல்லார் குழல் செய்ய மூங்கில், சந்தனம், கருங்காலி, செங்காலியோடு வெண்கலத்தையும் சேர்த்துச் சொல்கிறார். எதில் செய்தாலும் துளைதானே முக்கியம்? ‘துளைக்கருவி’ இருக்கும்போது மரமும் காற்றும் எதற்கு?

சரி, மன்ரோவுக்கு வருவோம். 1942இல் பர்மிங்காமில் பிறந்தவர். கல்லூரிக்கு முன் பெரு நாட்டில் ஆசிரியராக இருந்தபோது அங்கத்திய நாட்டுப்புறக் குழல்களைச் சேர்த்துக்கொண்டு திரும்பினார். கேம்பிரிட்ஜில் படித்ததோ ஆங்கில இலக்கியம். 1967இல் லண்டனில் ஒரு ‘ஏர்லி மியூசிக்’ குழுவைத் தொடங்கினார். 1971 முதல் பிபிசி வானொலியில் இளையோருக்காக அவர் நடத்திய நிகழ்ச்சி அறுநூறுக்கும் மேற்பட்ட முறை ஒலிபரப்பானது. 1976இல், 33 வயதில் இறந்துபோனார். பழைய கருவிகளைப் பற்றி அவர் எழுதிய பெரிய நூல் வந்ததும் அதே ஆண்டில்தான்.

‘ஏர்லி மியூசிக்’கைப் ‘பழைய பாட்டு’ என்று எழுதினால் நமக்கு டி.எம்.எஸ். நினைவுக்கு வருவார். இது ஐரோப்பாவில் ஏறத்தாழ 1750க்கு முந்திய இசை. ‘முற்கால இசை’ என்பது போதும். இசையியலாளர் ஏடுகளைப் படித்து ஆராய்பவர், இசைக்கலைஞர் வாசிப்பவர். மன்ரோ இரண்டும்.

ரெக்கார்டருக்கு என் ஓட்டு ‘அலகுக்குழல்’ என்பதற்கு. இசைத்தமிழில் ‘அலகு’ என்றால் சுருதி அளவு என்று யாராவது குறுக்கிடலாம். நியாயம்தான். ஆனால் அலகுக்குப் பதிலாக ‘மூக்குக்குழல்’ என்று வைத்தால் நிஜமாகவே மூக்கால் ஊதும் பசிபிக் தீவுக் குழலோடு குழம்பும். வாய்முனை பறவையின் அலகு போலவே இருப்பதும், பறவைகள் பாடிப் பழகும் அந்தப் பழைய பொருளும் சேர்ந்து வருவதால் எனக்கு அலகே பிடித்திருக்கிறது.

1977இல் வாயேஜர் விண்கலங்களில் வைத்து அனுப்பிய தங்க ரெக்கார்டில், அதாவது பூமியின் ஒலிகளைப் பதிந்த இசைத்தட்டில், ஆண்டனி ஹோல்போர்ன் என்ற முற்கால ஆங்கில இசையமைப்பாளரின் ஒரு சிறிய மெட்டை மன்ரோவின் குழு வாசித்திருக்கிறது. ஒரு நிமிடம் 17 விநாடி. அதில் ஒலிப்பது ரெக்கார்டர்.