எதில் கழுவினீர்கள்?

வாயு பரப்புக்கவர்தலை அளக்கும் கருவியோடுதான் எனக்குத் தினமும் வேலை. துளைகள் நிறைந்த தூளின் பரப்பில் எவ்வளவு வாயு ஒட்டுகிறது என்று பார்த்து, அதன் பரப்பளவைச் சொல்லும் கருவி அது. மாணவர்கள் வந்து சொல்வது பெரும்பாலும் ஒரே கதை. “எக்ஸ்ரேயில் படிகம் சரியாக இருக்கிறது சார், பரப்பளவு மட்டும் வரவில்லை.” எதில் கழுவினீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன்.

நுண்துளை அணைவுப் பலபடிகளை லேபில் எம்ஓஎஃப் என்போம். 2025-ல் இவற்றுக்கு வேதியியல் நோபல் கிடைத்த பிறகு, செய்து பார்க்க எல்லோருக்கும் ஆசை. உலோக அயனியும் கரிம அமிலமும் கரைப்பானுக்குள் சேர்ந்து கூடு கட்டுகின்றன. கட்டி முடித்த பிறகும் கரைப்பான் உள்ளேயே குடியிருக்கும். அதைக் கிளப்பினால்தான் வாயுவுக்கு இடம்.

போன மாதம் ஒருவர் எச்கேயுஎஸ்டி-1 என்ற எம்ஓஎஃப்பைக் கொண்டுவந்தார். செம்பும் ட்ரைமெசிக் அமிலமும் சேர்ந்தது. டிஎம்எஃப் (டைமெத்தில்ஃபார்மமைடு) என்ற கரைப்பானில் செய்து, ஓவனில் ஓர் இரவு 100 டிகிரியில் வைத்திருந்தார். தூள் வெளிர் நீலம். கருவியில் போடவே தேவையில்லை! செம்பைப் பிடித்திருக்கும் கரைப்பான் விலகினால் நிறம் கரும் ஊதாவாகிவிடும். டிஎம்எஃப்பின் கொதிநிலையே 153 டிகிரி, போதாததற்குச் செம்போடு பிணைப்பு வேறு. டிஎம்எஃப்பின் இடத்தைப் பிடிக்க, சுலபமாக ஆவியாகும் மெத்தனாலில் ஊறப்போட்டு, தினம் புதிதாக மாற்றி, மூன்று நாள் கழித்து வெற்றிடத்தில் 150 டிகிரிக்குச் சூடாக்கினோம். குழாயின் அடியிலிருந்து ஊதா ஏறியது. மிச்சத் தூளைத் திறந்தபடி வைத்துவிட்டு டீக்குப் போனார். வந்து பார்த்தால் மறுபடி நீலம், காற்றிலிருந்த ஈரத்தின் வேலை.

1999-ல் ஹாங்காங் குழு இதை முதலில் அறிவித்தபோது பரப்பளவு கிராமுக்கு 692 சதுர மீட்டர்தான். நன்றாகக் காலி செய்த சாம்பிள்கள் இன்று 1500-ஐத் தாண்டுகின்றன. பொருள் அதேதான்.

சில கூடுகள் இன்னும் பலவீனமானவை. உள்ளே திரவம் ஆவியாகும்போது பரப்பு இழுவிசையே சுவரை உட்பக்கம் இழுத்துச் சரித்துவிடும். அதற்குத்தான் ஹெக்சேன் போல இழுவிசை குறைந்த கரைப்பானுக்கு மாற்றுகிறோம். இன்னும் மென்மையானவற்றுக்கு, 31 டிகிரிக்கு மேல் உயர் அழுத்தத்தில் திரவம்-வாயு எல்லையே இல்லாத கார்பன் டை ஆக்சைடு.

ஆரம்பக் கரைப்பானையும் லேசாக எடுத்துக்கொள்ளக்கூடாது. துத்தநாகமும் டெரிதாலிக் அமிலமும் உலர்ந்த டிஎம்எஃப்பில் எம்ஓஎஃப்-5 தரும். ஈரம் கூடினால் வேறு கட்டமைப்பு வந்து நிற்கும். டிஎம்எஃப் கருவுக்குக் கேடு செய்யக்கூடியது, அதனால் ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஃப்யூம் ஹூட்டும் கையுறையும் கட்டாயம். பாட்டிலில் மீன் வாடை வீசினால் அது சிதைந்து டைமெத்திலமின் வந்திருக்கிறது. அந்தக் காரம் அமிலத்தின் புரோட்டானைப் பிடுங்கி வினையின் வேகத்தையே மாற்றும். பாட்டிலை மாற்றிவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள்.