பெருந்தொற்றுக் காலத்தில் இயங்கலையில் படித்த மலேசியப் பட்டம்: தர அங்கீகார விதிகள், ஒரு விளக்கம்

2020, 2021 ஆகிய ஆண்டுகளில் மலேசியக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் பயின்றவர்களில் பலர், விரிவுரை மண்டபத்துக்குள் கால் வைக்காமலேயே சில பருவங்களை முடித்தவர்கள். அவர்களுடைய பட்டத்துக்கு முழு மதிப்பு உண்டா, வேலைக்கோ மேற்படிப்புக்கோ விண்ணப்பிக்கும்போது அது தொலைநிலைக் கல்வியாகக் கருதப்படுமா என்ற ஐயம் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் இன்றும் இருக்கிறது. சுருக்கமான விடை: பயின்ற படிப்பு நேர்முகக் கல்வியாக, அதாவது வகுப்பறைக்கு நேரில் சென்று படிக்கும் படிப்பாக, அங்கீகாரம் பெற்றிருந்தால், அந்தப் பட்டம் நேர்முகக் கல்விப் பட்டமாகவே செல்லும். அதற்கான காரணத்தை அறிய, அங்கீகாரம் என்பது எதற்கு வழங்கப்படுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

மலேசியாவில் உயர்கல்வியின் தரத்தை உறுதிசெய்யும் பொறுப்பு எம்.கியூ.ஏ. என்று வழங்கும் மலேசியத் தகுதிநிலை நிறுவனத்திடம் இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் 679ஆம் சட்டத்தின்படி அமைக்கப்பட்ட இந்நிறுவனம், முன்பு தனியார் கல்லூரிகளைக் கண்காணித்து வந்த எல்.ஏ.என். வாரியத்தின் இடத்துக்கு வந்தது. ஒரு படிப்பைத் தொடங்குவதற்கு முன் தற்காலிக அங்கீகாரமும், முதல் தொகுதி மாணவர்கள் இறுதியாண்டை எட்டும் நேரத்தில் முழு அங்கீகாரமும் வழங்கப்படுகின்றன. முழு அங்கீகாரம் கிடைத்த பிறகும், விதிகள் பின்பற்றப்படுகின்றனவா என்று பார்க்கும் இடைக்கால மதிப்பீடு உண்டு. தனியார் கல்லூரி மாணவர் பி.டி.பி.டி.என். எனப்படும் அரசின் உயர்கல்விக் கடனுதவியைப் பெறுவதற்கும் அங்கீகாரம் அடிப்படைத் தகுதியாக இருப்பதால், இது காகிதத்தோடு நின்றுவிடும் விவகாரமன்று. குடும்பத்தின் பணக்கணக்கையும் நேரடியாகத் தொடுவது.

2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது வளாகங்கள் மூடப்பட்டன. அந்த ஆணை முதலில் மார்ச் 31 வரை என்று அறிவிக்கப்பட்டு, பிறகு ஏப்ரல் 14, ஏப்ரல் 28, மே 12 என்று இரண்டிரண்டு வாரங்களாக நீண்டது. எந்தக் கல்லூரியாலும் ஒரு முழுப் பருவத்துக்குத் திட்டமிட முடியாத நிலை அது. மே மாத இறுதியில்தான் உயர்கல்வி அமைச்சு, 2020 டிசம்பர் 31 வரை கற்றல் கற்பித்தல் அனைத்தும் இயங்கலையிலேயே நடைபெற வேண்டும் என்று அறிவித்தது. ஆய்வுக்கூடமோ பட்டறையோ சிறப்புக் கருவிகளோ தேவைப்பட்ட ஆய்வு மாணவர்களுக்கும் இறுதியாண்டு மாணவர்களுக்கும் அதில் விலக்கு இருந்தது.

இந்தக் காலத்தில் எம்.கியூ.ஏ. வெளியிட்ட ஆலோசனைக் குறிப்புகளே கல்விக்கூடங்களுக்கு வழிகாட்டின. அவற்றின் அடிப்படை நிலைப்பாடு எளிமையானது: கற்பிக்கும் முறையையும் மதிப்பிடும் முறையையும் சூழலுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம், அங்கீகாரம் பெற்றபோது உறுதியளித்த கற்றல் பேறுகளை, அதாவது படிப்பின் முடிவில் மாணவர் அடைந்திருக்க வேண்டிய அறிவையும் திறனையும், குறைக்கக் கூடாது. மாற்றங்களைக் கல்விக்கூடத்தின் செனட் அல்லது கல்வி வாரியம் ஏற்று, அதற்குரிய பதிவுகளைப் பாதுகாத்து வைத்திருக்க வேண்டும் என்பதும் எதிர்பார்க்கப்பட்டது.

கற்றல் நேரக் கணக்கைப் பார்த்தால் இது தெளிவாகும். மலேசியத் தகுதிநிலைக் கட்டமைப்பில் ஒரு கிரெடிட் என்பது மாணவர் செலவிடும் 40 மணி நேரக் கற்றலைக் குறிக்கும். விரிவுரையில் உட்கார்ந்திருக்கும் நேரம் மட்டுமன்றி, தனியே படிப்பது, இடுபணி செய்வது, தேர்வுக்குத் தயாராவது, தேர்வு எழுதுவது ஆகியவையும் இந்த 40 மணிக்குள் அடங்கும். எடுத்துக்காட்டாக, 3 கிரெடிட் பாடத்துக்கு 120 மணி நேரம். வாரத்துக்கு 2 மணி விரிவுரை, 1 மணி டியூட்டோரியல் என்று 14 வாரங்கள் நடந்தால், விரிவுரையாளரின் முன்னிலையில் கழிவது 42 மணி மட்டுமே. எஞ்சிய 78 மணியும் மாணவரின் சொந்த உழைப்பு. ஆகவே விரிவுரை மண்டபத்திலிருந்து கணினித் திரைக்கு மாறியது, 120 மணியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். அந்தப் பங்கும் நீக்கப்படவில்லை. நேரலையாகவோ பதிவுசெய்யப்பட்ட காணொளியாகவோ ஈடுசெய்யப்பட வேண்டும் என்பதே விதியின் உட்கிடை. குறைந்தது 120 கிரெடிட் கொண்ட இளங்கலைப் பட்டத்துக்குரிய 4800 மணி நேரமும் பெருந்தொற்றின் பெயரால் குறையவில்லை.

மதிப்பீட்டு முறையில்தான் உண்மையான சிக்கல் எழுந்தது. மண்டபத்தில் மூன்று மணி நேரம் எழுதும் இறுதித் தேர்வு நடத்த முடியாதபோது, புத்தகம் பார்த்து எழுதும் தேர்வு, வீட்டிலிருந்தே எழுதி அனுப்பும் தேர்வு, வாய்மொழித் தேர்வு, தொடர் இடுபணிகள் ஆகியவை அதன் இடத்துக்கு வந்தன. இவற்றுள் எது பொருந்தும் என்பதைக் கற்றல் பேற்றைக் கொண்டுதான் தீர்மானிக்க வேண்டும். கணக்கியல் மாணவர் ஒரு நிறுவனத்தின் நிதி அறிக்கையை அலசித் தம் முடிவைக் கூற வேண்டும் என்பது பேறானால், புத்தகம் பார்த்து எழுதும் தேர்வு அதற்கு மண்டபத் தேர்வைவிடப் பொருத்தமானது என்றே சொல்லலாம். பொறியியல் மாணவர் மின்சுற்றைத் தம் கையால் இணைத்து அளவீடு எடுக்க வேண்டும் என்பது பேறானால், திரையில் காட்டும் பாவனைப் பயிற்சி அந்தக் கைத்திறனுக்குச் சான்றாகாது. அத்தகைய பாடங்களுக்குக் கருவிப்பெட்டியை வீட்டுக்கு அனுப்புவதோ, செய்முறைப் பகுதியைத் தள்ளிவைத்து வளாகம் திறந்ததும் நடத்துவதோதான் நேர்மையான வழி. இரண்டுக்கும் செலவு உண்டு என்பதால், எல்லாரும் அந்த வழியில் போயிருப்பார்கள் என்று நான் கருதவில்லை.

மருத்துவம், பொறியியல், சட்டம், தாதிமை போன்ற தொழில்சார் படிப்புகளில் அந்தந்தத் தொழில்முறை வாரியங்களுக்கும் பங்கு உண்டு. பொறியியல் படிப்புகளைப் பொறியியல் அங்கீகார மன்றம் மதிப்பிடுகிறது. பொறியியல் படிப்புகளின் அங்கீகாரத்தை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் மலேசியா 2009 முதல் முழு உறுப்பு நாடாக இருப்பதால், அந்த மதிப்பீடு பிற உறுப்பு நாடுகளிலும் எடுபடும். இத்தகைய படிப்பை முடித்தவர்கள் எம்.கியூ.ஏ. பதிவோடு நின்றுவிடாமல், தம் துறை வாரியத்தின் நிலைப்பாட்டையும் தனியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

தரத்தை ஆராயும் பணியும் இயங்கலைக்கு மாறியது. வழக்கமாக மதிப்பீட்டுக் குழுவினர் வளாகத்துக்கே சென்று ஆவணங்களைப் புரட்டுவார்கள். நூலகத்தையும் ஆய்வுக்கூடத்தையும் சுற்றிப் பார்ப்பார்கள். விரிவுரையாளர்களையும் மாணவர்களையும் தனித்தனியே சந்தித்துப் பேசுவார்கள். ஆவணச் சோதனையும் நேர்காணலும் காணொளி வழியாக நன்றாகவே நடக்கக்கூடியவை. ஆய்வுக்கூடத்தைப் பார்வையிடுவது அப்படியன்று. கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நடப்பவர் எதைக் காட்டுகிறாரோ அதைத்தான் குழு பார்க்க முடியும். மாணவர் நேர்காணலின்போது அறையில் வேறு எவரும் இல்லை என்பதையும் திரை உறுதிப்படுத்தாது. ஆசியான் பல்கலைக்கழகக் கூட்டமைப்பு நடத்தும் ஏ.யு.என். – கியூ.ஏ. என்ற தர மதிப்பீடுகளும் இக்காலத்தில் தொலைவழியில் நடந்தன.

எம்.கியூ.ஏ.யின் படிப்பு அங்கீகாரக் கோட்பாட்டில் ஏழு கூறுகள் உள்ளன. பாடத்திட்டமும் மதிப்பீடும் போலவே, மாணவர் ஆதரவுச் சேவையும் கல்வி வளங்களும் அவற்றுள் அடங்கும். பெருந்தொற்றுக் காலத்தில் அதிகம் சோதிக்கப்பட்டவை பின்சொன்ன இரண்டுமே. இணையத் தொடர்பு தேடி மரத்தில் ஏறி அமர்ந்து தேர்வெழுதிய சபா மாணவி ஒருவரின் காணொளி 2020 ஜூன் மாதத்தில் நாடெங்கும் பேசப்பட்டது. அதை மன உறுதிக்கு எடுத்துக்காட்டாகப் பலர் பாராட்டினார்கள். தர உறுதிப்பாட்டின் கண்ணோட்டத்தில் அது கல்வி வளம் என்ற கூறில் விழுந்த ஓட்டை. வீட்டில் இணைய வசதியோ படிப்பதற்கேற்ற சூழலோ இல்லாத மாணவர்கள் வளாகத்துக்குத் திரும்ப அமைச்சு பின்னர் இடமளித்ததை இந்தக் கோணத்தில்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

அண்டை நாடுகள் வேறு வழிகளில் சென்றன. பிலிப்பீன்ஸின் உயர்கல்வி ஆணையம் 2020ஆம் ஆண்டின் 4ஆம் ஆணை வழியாக நெகிழ்வான கற்றலுக்கு விதிமுறை வகுத்தது. இயங்கலையோடு, இணையமின்றிப் படிப்பதும் இரண்டும் கலந்த முறையும் அதில் ஏற்கப்பட்டன. பல தீவுகளைக் கொண்ட நாட்டுக்கு அது நடைமுறை அறிந்த முடிவு. இந்தோனேசியாவில் பெருந்தொற்றுக்குச் சற்று முன்னரே, 2020 ஜனவரியில், ஐந்தாண்டு அங்கீகாரம் தானாகவே புதுப்பிக்கப்படும் கொள்கை அறிவிக்கப்பட்டிருந்தது. அதனால் அங்கீகாரம் காலாவதியாகுமே என்ற கவலை அங்கே குறைவாக இருந்திருக்க வேண்டும். ஆசியான் தர உறுதிக் கட்டமைப்பு இவற்றையெல்லாம் ஒப்பிட்டுப் பார்க்க உதவும் பொது அளவுகோல். ஒரு நாட்டின் பட்டத்தை மற்றொரு நாடு ஏற்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் அதிகாரம் அதற்கு இல்லை.

இனி, தம் பட்டத்தின் நிலையை அறிய விரும்புவோர் செய்ய வேண்டியது. எம்.கியூ.ஏ. இணையத்தளத்தில் உள்ள மலேசியத் தகுதிப் பதிவேட்டில் கல்விக்கூடத்தின் பெயரையோ படிப்பின் பெயரையோ கொண்டு தேடலாம். அங்கே காணப்படும் குறிப்பெண்ணில் பி.ஏ. என்ற எழுத்துகள் இருந்தால் தற்காலிக அங்கீகாரம்; எஃப்.ஏ. இருந்தால் முழு அங்கீகாரம். மலாயாப் பல்கலைக்கழகம் போன்று தம் படிப்புகளுக்குத் தாமே அங்கீகாரம் வழங்கும் உரிமை பெற்ற நிறுவனங்களுக்கு எஸ்.டபிள்யூ.ஏ. என்ற எழுத்துகள் வரும். படிப்பின் பெயர் சான்றிதழில் உள்ளவாறே பதிவேட்டிலும் இருக்கிறதா, தாம் பயின்ற காலம் அங்கீகாரக் காலத்துக்குள் வருகிறதா என்ற இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பதிவேட்டில் தற்காலிக அங்கீகாரம் மட்டுமே இருக்க, ஏற்கெனவே பட்டமளிப்பு முடிந்திருந்தால், கல்விக்கூடத்தின் பதிவாளரிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்பது நல்லது.

நேர்முகக் கல்வியாக அங்கீகாரம் பெற்ற படிப்பு, நெருக்கடி காரணமாகச் சில பருவங்கள் இயங்கலையில் நடந்ததால் திறந்தநிலைத் தொலைக்கல்வியாக மாறிவிடாது. தொலைக்கல்விக்கென எம்.கியூ.ஏ. தனிக் கோட்பாட்டை வைத்திருக்கிறது. ஒரு படிப்பை நிரந்தரமாக அம்முறையில் நடத்த விரும்பும் கல்விக்கூடம் அதன்படி தனியே விண்ணப்பித்தாக வேண்டும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகமோ முதலாளியோ இது பற்றிக் கேள்வி எழுப்பினால், பதிவேட்டுப் பக்கத்தின் அச்சுப்படியோடு, எந்தெந்தப் பருவங்கள் அரசாங்க ஆணையின் காரணமாக இயங்கலையில் நடைபெற்றன என்பதைக் குறிப்பிடும் பதிவாளரின் கடிதத்தையும் சேர்த்து அனுப்பலாம். பதிவாளர் அலுவலகத்தில் ஆட்கள் மாறுவதற்கும் கல்லூரிகள் கைமாறுவதற்கும் முன்பே அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.